தலையைக் கொடுக்கும் முன் அத்தை சொல்வது

உலகத்தில் இதுவரை பிறந்த தலைகளிலும் சரி, இனிமேல் பிறக்கப்போகிற தலைகளிலும் சரி, அத்தையின் கைக்கு அடங்காத தலை என்று ஒன்று கிடையாது. ஒரு மொட்டைப் பாறையைத் தூக்கிவந்து அவள் நாற்காலியில் உட்கார வைத்தால் போதும். சாயங்காலம் அந்தப் பாறை எழுந்து, கண்ணாடியைப் பார்த்து, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, வெட்கப்பட்டபடியே வீட்டுக்கு நடக்கும். அத்தை ஒட்டிய முடியைக் கட்டி லாரி இழுக்கலாம். சொந்த முடி எது, ஒட்டுமுடி எது என்று அந்த முடிக்கே தெரியாது. பேன்கள்கூட வழி தவறி, பக்கத்துப் பேனிடம் விசாரித்துத்தான் வீடு போய்ச் சேரும்.

இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று கேட்கக் கூடாது.

அத்தை வேலை பார்க்கிற சலூன், மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. படி ஏறும்போது கீழே இருமல் மருந்து வாசனை, மேலே ஷாம்பு வாசனை. நடுப்படியில் இரண்டும் கலந்து ஒரு தினுசாக இருக்கும். மொத்தம் மூன்று நாற்காலி. அதில் ஜன்னலோரம் இருப்பது அத்தையுடையது. முடி ஒட்டுகிறவளுக்கு ஜன்னல் வெளிச்சம்தான் பாதி மூலதனம். டியூப்லைட்டில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு. வெயிலில்தான் ஒன்று காப்பிக் கொட்டை, ஒன்று குடைத்துணி, ஒன்று கரி என்று தெரியும். அதுவும் வேரின் நிறத்தைப் பார்த்து எடுக்கக் கூடாதாம், நுனியின் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். அதற்காகவே வாடிக்கையாளரின் முடி நுனியைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்ப்பாள். கீழே மருந்து வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மருந்தை மறந்துவிட்டுப் போன கதையும் உண்டு.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. சொந்த முடியில் மெல்லிசாக ஒரு கீற்று எடுத்து, அதற்கு மேலே ஒரு ஒட்டுப்பட்டை, கீழே ஒரு ஒட்டுப்பட்டை வைத்து, ரொட்டிக்கு நடுவில் ஜாம் மாதிரி அமுக்கிவிடுவாள். பட்டையில் தொங்குகிற நீள முடி, அந்தத் தலையிலேயே பிறந்து வளர்ந்தது போல விழும். கை அவ்வளவு சுத்தம். ஆனால் வாய் இருக்கிறதே.

சலூனில் அவளுக்குப் பயங்காட்டி என்று பெயர். முடி ஒட்டிக்கொள்ள யார் வந்தாலும் அன்றைக்கே ஒட்ட மாட்டாள். முதல் நாள் பேச்சு மட்டும்தான். வந்தவரை உட்கார வைத்து, தோளில் துணிகூடப் போடாமல், எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பாள். முதலில் சவுரி நினைப்பை விட்டுவிட வேண்டும். சவுரி என்றால் ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டலாம், இதை அப்படி மாட்ட வேண்டுமென்றால் தலையையும் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். ஒட்டின புதிதில் தலை இறுக்கமாக இருக்கும், யாரோ பின்னாலிருந்து கூப்பிடுகிற மாதிரியே தோன்றும், திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அரிக்கும். சொறியக் கூடாது, விரல் நுனியால் தட்டிக்கொள்ளலாம். இரண்டு நாளைக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது. ஈரத்தோடு தூங்கக் கூடாது, தளரப் பின்னிக்கொண்டுதான் படுக்க வேண்டும். வேரைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும். வேர்ப்பக்கம் எண்ணெய் என்கிற பேச்சே கூடாது, எண்ணெய் பட்டால் பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சொந்த முடி வளர வளரப் பட்டை கீழே இறங்கும், திரும்ப வந்து ஏற்றி ஒட்ட வேண்டும். கழற்றுகிற அன்றைக்குக் கொத்துக் கொத்தாக முடி வரும். அதைப் பார்த்து மயக்கம் போடக் கூடாது, அது அத்தனை நாளும் தன்பாட்டுக்கு உதிர்ந்த முடிதான், போக வழியில்லாமல் பட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

எல்லாம் சொல்லி முடித்ததும் காதுக்குப் பின்னால் ஒரே ஒரு துண்டுப் பட்டையை ஒட்டி, வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்து பாருங்கள், சிவந்தால் வராதீர்கள் என்று அனுப்பிவைப்பாள். பலர் சிவக்காமலேயே வராமல் போய்விடுவார்கள்.

இந்தப் பேச்சை அவள் அண்ணன் மகளின் தலையில்தான் பழகினாள். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் துணிக்கடையில் வேலை, வீடு வர நேரமாகும். அதுவரை வீட்டில் அத்தையும் அந்தப் பெண்ணும்தான். அவளை எல்லோரும் வாலு என்று கூப்பிடுவார்கள். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது விளங்கவே இல்லை, ஏனென்றால் அவள் மிகவும் நல்ல பிள்ளை. கணக்கில் மட்டும் கொஞ்சம் தகராறு. ஒரு தடவை தன் அம்மா குரலில் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டு, தனக்குத்தானே லீவு வாங்கிக்கொண்டாள் என்று ஒரு வதந்தி உண்டு. அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அத்தை சாயங்காலம் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து, வாலுவைச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார வைத்து, சீப்பால் வகிடு எடுத்துக்கொண்டே பேசுவாள். வாலு கொட்டாவி விடுவாள். தலையை மட்டும் ஆட்டவே மாட்டாள்.

அத்தை இப்படிப் பயங்காட்டுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் இளவயதில், வேறொரு ஊரில், ஒருத்தி அவளுக்கு முடி ஒட்டினாள். ஏதாவது பார்த்து நடந்துக்கணுமா என்று கேட்டதற்கு, ஒண்ணும் ஆகாது என்றாள். அரித்தது, அத்தை சொறிந்தாள். இறுகியது, இழுத்தாள். கடைசியில் பட்டையோடு வந்த முடி வந்ததுதான். இடது காதுக்கு மேலே சட்டைப் பித்தான் அளவு இடத்தில் இன்னும் முளைக்கவில்லை. தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலப்பக்கத்து முடியை அந்த இடத்துக்கு மேலே கொண்டுவந்து கிளிப் போடுவாள். அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை.

சலூன் முதலாளியம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், வருகிற தலையெல்லாம் வந்த வழியே போகிறது. அந்த மாதம் வரிசையாக நாலைந்து பேர் பேச்சோடு ஓடிவிட்டார்கள். அதில் ஒருத்தி படியிறங்குகிற வேகத்தில் செருப்பை விட்டுவிட்டு, அதை எடுக்கக்கூட மேலே வரவில்லை. அந்தச் செருப்பு இன்னும் வாசலில் கிடந்தது. முதலாளியம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தையிடம் வந்தார்.

"இதைப் பார்த்தியா? கடன்காரங்களைக் கண்டு ஓடுறவங்ககூடச் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான்மா ஓடுவாங்க. ஒட்டுன்னு உன்னை வச்சேன், நீ வெட்டிவிட்டுக்கிட்டு இருக்க."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளியம்மா செருப்பைக் காட்டி நிறுத்தினார். அடுத்து வருகிற தலைக்கு வாயைத் திறக்காமல் ஒட்டி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் நாற்காலி சுருட்டைக்கு. சுருட்டை என்பவள் நடு நாற்காலியில் முடி சுருட்டுகிறவள், ஜன்னல் மேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அத்தை பின்னறைக்குப் போய்த் தலை கழுவிவிட வேண்டும். பின்னறையில் ஜன்னல் கிடையாது. அங்கே போனால் அப்புறம் காப்பிக் கொட்டையும் கரியும் ஒன்றுதான்.

அடுத்து வந்த தலை ஒரு டிரைவிங் டீச்சருடையது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அம்மா. காலேஜில் கூடப் படித்தவர்கள் எல்லோரும் ரொம்ப வருஷம் கழித்து ஒன்றுகூடப் போகிறார்கள். படிக்கிற நாளில் முழங்கை வரை முடி இருந்தது, இன்றைக்குத் தோளோடு நின்றுவிட்டது, யாருக்கும் தெரியக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஹாரன் அடித்துப் பழகிய தொண்டை, தாழ்த்தியும் கீழே மருந்துக் கடை வரை கேட்டது.

அத்தை பேசவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. தலையை அலசினாள், காயவைத்தாள், கீற்று கீற்றாக எடுத்தாள், ஒட்டினாள். ஒவ்வொரு பட்டையை அமுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை தொண்டை வரைக்கும் வந்து, திரும்பி வயிற்றுக்குள் போனது. பாதி வேலையில் அவளுக்கு விக்கல் எடுத்தது. சுருட்டை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, போகிற போக்கில் ஜன்னல் எத்தனை அகலம் என்று கையால் அளந்துகொண்டு போனாள்.

எல்லாம் முடிந்து டீச்சர் எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருபது வருஷம் குறைந்திருந்தது. இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். பிறகு கேட்டார்.

"ஏதாவது பார்த்து நடந்துக்கணுமாம்மா?"

அத்தை முதலாளியம்மாவைப் பார்த்தாள். முதலாளியம்மா சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகாதுங்க. ராணி மாதிரி இருங்க."

அத்தையின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்தே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து உலை வைக்கவில்லை. நேரே போய் மேசை முன்னால் ஸ்டூலைப் போட்டு, வாலுவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சொல்லாமல் விழுங்கினதை எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். சொல்லி முடித்தும் அடங்கவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். அந்த அம்மா கார் ஓட்டுகிறவங்களாச்சே, பெல்ட் போட்டால் முடி அதில் மாட்டி இழுக்குமே, அதை யாரும் சொல்லலையே என்றாள். "பெல்ட் போடுறதுக்கு முன்னாடி முடியை முன்பக்கமா எடுத்து, தூங்குற குழந்தையைப் போடுற மாதிரி மடியில போட்டுக்கணும்டி. அதைக்கூடச் சொல்ல விடலை."

வாலு, வழக்கம் போல, கொட்டாவி விட்டாள். சாப்பாடு என்னாச்சு என்று கேட்டாள். அத்தை தனக்குப் பசியில்லை என்றாள். அத்தை பசியில்லை என்று சொன்னதை அந்த வீட்டுச் சுவர்கள் முதல் தடவையாகக் கேட்டன. வாலு எழுந்து போய் உலை வைத்தாள். சாதம் குழைந்துவிட்டது. அதை வைத்து அவளைக் குறை சொல்வது நியாயமில்லை, ஏனென்றால் அவள் ஏற்கெனவே சொன்ன மாதிரி நல்ல பிள்ளை.

மறுநாள் சலூனில் ஃபோன் வந்தது. முதலாளியம்மா எடுத்தார். கனத்த குரலில் ஒரு அம்மா. ஓய்வுபெற்ற டாக்டராம். உங்கள் கடையில் முடி ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற ஒருத்தர் இருக்கிறாராமே, அவரிடம் மட்டும்தான் தலையைக் காட்டுவேன் என்றார். சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொண்டார். முதலாளியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஃபோன். இவருக்குக் கடுமையான ஜலதோஷம், மூக்கால்தான் பேசினார். அவருக்கும் அதே ஆள்தான் வேண்டுமாம், அதே சனிக்கிழமை. சாப்பாட்டு வேளை முடிந்ததும் மூன்றாவது ஃபோன் வந்தபோது, முதலாளியம்மாவே மெய்மறந்து ஸ்பீக்கரைப் போட்டார்.

இந்தத் தடவை பேசினவர் ஏதோ பெரிய ஆபீசில் பெரிய பதவியில் இருப்பவர் போல. ஒவ்வொரு வார்த்தையையும் சலவைக்குப் போட்டு எடுத்து வைத்தார்.

"நான் எத்தனையோ சலூன் பார்த்திருக்கேன். ஒட்டுறவங்க இருக்காங்க, எடுத்துச் சொல்றவங்க இல்லை. கார்ல பெல்ட் போடுறப்ப முடியைத் தூங்குற குழந்தை மாதிரி மடியில போட்டுக்கணும்னு வேற யாரு சொல்லுவாங்க? உங்ககிட்ட இருக்குறது ஆள் இல்லைங்க, பொக்கிஷம். ஜன்னலோரமா வச்சுப் பார்த்துக்கங்க."

அத்தையின் கை அப்படியே நின்றது. அவள் அந்தப் பெல்ட்டுச் சங்கதியைச் சலூனில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வெளியே வந்தது ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காதுக்கு. அது நேற்றுச் சாயங்காலம் கொட்டாவி விட்ட காது. தூங்குகிறது என்று நினைத்தது விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சட்டென்று சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சீப்பை ரொம்ப நேரம் துடைத்தாள்.

அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லோரிடமும் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிறவள் இதை மட்டும் சொல்லவில்லை. முதலாளியம்மா மூன்று பேரையும் சனிக்கிழமைக்குக் குறித்துவிட்டு, முதல் தடவையாக அத்தையை ஒரு தினுசாகப் பார்த்தார். பழைய சாமான் கடையில் தள்ளிவிட இருந்த பானை வெள்ளி என்று தெரிந்தவர் போல.

ஆனால் அந்த நாள் அதோடு முடியவில்லை. கடை சாத்துகிற நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று சத்தம். டிரைவிங் டீச்சர். கையில் ஒரு டிபன் டப்பா. யாரிடமும் ஒன்றும் பேசாமல் அதைக் கண்ணாடி முன்னால் வைத்துத் திறந்தார். உள்ளே சாப்பாடு இல்லை. எண்ணெய் சொட்டச் சொட்ட முடிப் பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஊறுகாய் போல ஊறிக்கொண்டிருந்தன. மீதிப் பட்டைகள் அவர் தலையிலேயே, பாதி வழியில் இறங்குவதா ஏறுவதா என்று யோசித்தபடி தொங்கின.

நடந்தது இதுதான். புது முடி, நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ராத்திரி வேர்க்காலில் விரல் விட்டுத் தாராளமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் தலையணையில் இரண்டு. பல் துலக்கும்போது ஒன்று. கற்றுக்கொள்ள வந்த பையன் ரிவர்ஸ் எடுக்கும்போது இவர் பின்னால் திரும்பிப் பார்க்க, ஒன்று நழுவி அவன் தோளில் விழுந்திருக்கிறது. அவன் அதைப் பூரான் என்று நினைத்துக் காரை விட்டு இறங்கி ஓடிவிட்டான். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

சுருட்டை சிரிப்பை அடக்க முடியாமல் பின்னறைக்கு ஓடினாள். முதலாளியம்மா அத்தையைப் பார்த்து, எண்ணெய் வைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார்.

டீச்சருக்குக் கோபம் முடி போனதில் இல்லை. "நான் கேட்டேன்ல? கேட்டதுக்கு அப்புறமும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா எப்படிங்க? எங்கிட்ட வர்ற பிள்ளைகளுக்கு முதல் நாள் பிரேக் எங்க இருக்குன்னுதான் சொல்லிக்கொடுப்பேன். வண்டி எப்படி ஓடும்ங்கிறதெல்லாம் அப்புறம்."

அத்தை முதலாளியம்மாவைப் பார்த்தாள். முதலாளியம்மா செருப்பு கிடந்த வாசல் பக்கம் பார்த்தார், டிபன் டப்பாவைப் பார்த்தார், பிறகு ஸ்டூலை அவரே இழுத்து டீச்சருக்கு எதிரே போட்டார்.

அத்தை உட்கார்ந்தாள். நேற்று விழுங்கினது எல்லாம் வெளியே வந்தது. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார், ஆட்டும்போது இன்னொரு பட்டை விழுந்தது. கடைசியில் பெல்ட்டுச் சங்கதி வந்தபோது முதலாளியம்மா வியந்துபோய், இதைத்தான் அந்த ஆபீசரம்மாவும் சொன்னார், ஊரெல்லாம் பரவிவிட்டதே என்றார். அத்தை இருமினாள்.

நாற்காலி அவளுக்கே என்று முடிவாயிற்று. பேச்சைப் பாதியாகக் குறைக்க வேண்டும், சொல்லும்போது முகத்தைச் சாவு வீட்டில் போல வைத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு நிபந்தனை. எண்ணெய் போக அலசி, காதுக்குப் பின்னால் துண்டுப் பட்டை ஒட்டி, அது சிவக்காமல் இருந்தால் சனிக்கிழமை திரும்ப ஒட்டலாம் என்று அத்தை சொன்னாள். முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார், சனிக்கிழமை மூன்று பெரிய மனுஷிகள் வருகிறார்கள், இடமே இல்லை என்றார்.

"வாங்க டீச்சர்," என்றாள் அத்தை. "எனக்கென்னமோ அன்னைக்கு இடம் கிடைக்கும்னுதான் தோணுது."

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாலு மேசை முன்னால் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, உலகத்தில் கணக்கைத் தவிர வேறொன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது. அடுப்பில் இன்றைக்கும் உலை வைத்திருந்தது. அத்தை கைப்பையை மாட்டிவிட்டு வந்து, வழக்கம் போல அவளுக்குப் பின்னால் நின்று, சீப்பால் வகிடு எடுத்தாள். இன்றைக்குக் கை கொஞ்சம் மெதுவாகப் போனது.

இன்றைக்கு என்ன அத்தை விசேஷம் என்று வாலு புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

அத்தை ஒன்றுமில்லை என்றாள். நாற்காலி தங்கிவிட்டது என்றாள். சுருட்டை ஜன்னலை அளந்ததெல்லாம் வீண் என்றாள். வாலு அப்படியா என்றாள், அதற்கு மேல் அக்கறை காட்டவில்லை. ஆனால் அவள் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கியதைச் சீப்பு பிடித்த கை பார்த்துவிட்டது.

"சனிக்கிழமை மூணு தலை வருதாம்," என்றாள் அத்தை. "ஒரு டாக்டரம்மா, ஒரு சளிப்பிடிச்ச அம்மா, ஒரு ஆபீசரம்மா. மூணும் ஒரே கழுத்து மேலதான் உட்கார்ந்திருக்குன்னு எனக்குத் தெரியும். காலையில தலைக்குக் குளிச்சிட்டு வா. எண்ணெய் வைக்காதே."

வாலு வாயைத் திறந்தாள். எந்தக் குரலில் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்த குரல்களையெல்லாம் பகலிலேயே செலவழித்திருந்தாள்.

அத்தை அவள் தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

"இந்தக் கதையை நாளைக்கு நாலு பேருக்குச் சொல்லாம உன்னால இருக்க முடியாது. சொல்லு, எனக்கொண்ணும் இல்ல. ஆனா அதுலயும் உன்னை நீயே நல்ல பிள்ளைன்னு சொல்லிக்குவ பாரு, அங்கதாண்டி மாட்டிக்குவ."